மூணு வளையத் துப்பாக்கியும் நான் போட்ட கையெழுத்தும்

பழைய துப்பாக்கியைப் பார்த்து அது எந்தக் காலத்துச் சரக்குன்னு அடையாளம் சொல்ற தொழில்ல ஒரு நல்லது உண்டு, தப்பா சொன்னாலும் எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரியாது. ஒரு கெட்டதும் உண்டு, அதுவும் இதேதான்.

நான் ஆயுதப்படையில இருபத்திரண்டு வருஷம் ஆர்மரரா இருந்தவன். ஆர்மரர்னா துப்பாக்கியைச் சுடறவன் இல்ல. பிரிச்சு, துடைச்சு, மாட்டிக் கொடுக்கிறவன். வேலையை முடிச்சுக்கினு வந்து உத்திரமேரூர் பஜார் பக்கம் ஒரு லேத்து போட்டேன். போர் மோட்டார் ஷாஃப்டு, டிராக்டர் புஷ்ஷு, இதான் சோறு. ஆனா சுத்துவட்டாரத்துல ஸ்டேஷனுக்குப் பழைய துப்பாக்கி ஒண்ணு வந்தா எனக்குத்தான் போன் வரும்.

வெள்ளைக்காரன் காலத்துல சீமையில இருந்து கப்பல்ல வந்த பட்டாளத்துத் துப்பாக்கிங்க இன்னும் நம்ம பக்கம் விவசாயிங்க வூட்டு மூலையில இருக்குது. வெளியே பார்த்தா எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாடை. குழலைக் கட்டையோட பிடிச்சிருக்கிற வளையம் மூணா ரெண்டா, குறி பார்க்க ஏணி வெச்சிருக்கா வெறும் கட்டையா, குழலுக்குள்ள வரி மூணா அஞ்சா ஏழா, இல்ல ஒண்ணுமே இல்லாம வழுவழுன்னு இருக்குதா, இதை வெச்சித்தான் ரகம் பிரிக்கணும். வரின்னா குழலுக்குள்ள சுருள் சுருளா வெட்டின பள்ளம். வரி இருந்தா ரைபிள். இல்லன்னா சாதா துப்பாக்கி. ரெண்டுக்கும் லைசென்ஸே வேற.

எனக்கு சும்மா ஒக்காரவும் வராது. ஒக்காந்தா கால் ஆடும். சோறு தின்னும்போதே கை கழுவ எழுந்துடுவேன். இந்த அவசரத்தோட கதைதான் இது. நீங்களும் எங்கியாவது ஒரு காகிதத்துல கையெழுத்தைப் போட்டுட்டு, அப்புறம் சோறு எறங்காம சுத்தினவங்களா இருந்தா வாங்க, பக்கத்துல ஒக்காருங்க. மத்தவங்க பக்கத்தைத் திருப்பிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

தேர்தல் மத்தியானம்

தேர்தல் அறிவிச்ச உடனே லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க எல்லாம் கொண்டாந்து ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். காட்டுப்பன்னி விரட்ட வெச்சிருக்கிற விவசாயிங்கதான் முக்கால்வாசி. வெறும் வெடிமருந்தை இடிச்சு டமால்னு சத்தம் காட்டுவாங்க, பன்னி ஓடிடும், அவ்ளோதான் அதுக்கு வேலை. அன்னிக்கு ஒரே நாள்ல முப்பத்தோரு துப்பாக்கி வந்துடுச்சு. ரைட்டர், அதாவது ஸ்டேஷன்ல எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு, ரிஜிஸ்டரை விரிச்சு வெச்சிருக்காரு. நான் ஒவ்வொண்ணா பார்த்து ரகம் சொல்லணும், அவரு எழுதணும், பக்கத்துல நான் கையெழுத்துப் போடணும். எனக்கோ கடையில ஒரு ஷாஃப்டு பாதியில நிக்குது, அந்த ஆளு பத்து நிமிஷத்துக்கு ஒரு போன் போடறான்.

இருபத்தஞ்சாவது ஆளோ இருபத்தாறாவது ஆளோ, மானாம்பதி ஏகாம்பரம் வந்தாரு. அறுபது வயசு, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடற விவசாயி. அவரு துப்பாக்கி வாயில மஞ்சள் துணி கட்டி, சந்தனம் குங்குமம் வெச்சிருந்துச்சு. அவங்க வூட்டுல அது ஒரு பழக்கம். துப்பாக்கி வூட்டை விட்டு வெளியூருக்குப் போனா செல்லியம்மன் கோயில்ல வெச்சு வாயைக் கட்டித்தான் அனுப்புவாங்க. திரும்பி வந்து அம்மன் முன்னாடிதான் அவுப்பாங்க. பார்க்கணும்னா அவுத்துக்கோங்க சார், வேற துணி கட்டிடலாம்னு அவரே சொன்னாரு. நான்தான் அம்மன் கட்டுல எதுக்குக் கை வெக்கணும்னு பெரிய பக்திமான் மாதிரி வேணாம்னுட்டேன்.

பக்தி பாதி, அவசரம் பாதி. வெளியே பார்த்தேன். மூணு வளையம். பக்கத் தகடுல கிரீடம். குழல் மேல ஏணி சைட்டு விழுந்துபோன மாதிரி ஒரு தழும்பு. ஏணி இருந்திருந்தா அது தூரத்துக்குச் சுடற ரைபிள். "மூணு வளையம், வாய்வழியா மருந்து இடிக்கிறது, ரைபிள்"னு சொன்னேன், ரைட்டர் எழுதினாரு, கையெழுத்துப் போட்டேன். ஏகாம்பரம் கையைக் கட்டிக்கினு என்னையே பார்த்துக்கினு இருந்தாரு. அவருக்கு ஒரே ஆச்சரியம்.

"வெளிய பார்த்தே உள்ள இன்னா கீதுன்னு சொல்ட்டியே சார். எங்களுக்கு மூணு தலைமுறையா தெரியல."

விரல்

தேர்தல் முடிஞ்சு, எண்ணி முடிச்சு, துப்பாக்கிங்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. முப்பது போயிடுச்சு. ஏகாம்பரத்தோடது மட்டும் நின்னுடுச்சு. அவரு லைசென்ஸ் புத்தகத்துல, உள்ளே வழுவழுன்னு இருக்கிற ஒத்தைக்குழல்னு இருக்குது. ஸ்டேஷன் ரிஜிஸ்டர்ல ரைபிள்னு இருக்குது. லைசென்ஸ் ஒண்ணுக்கு, துப்பாக்கி வேற ஒண்ணுன்னா என்ன அர்த்தம்? நடுவுல எங்கியோ மாத்திட்டாங்கன்னு அர்த்தம். லைசென்ஸும் அந்த வருஷம் புதுப்பிக்கணும். ரைட்டர் எதுக்கும் ஒரு தபா வந்து பாருங்கன்னு கூப்பிட்டாரு.

போனேன். அவரு போன்ல பேசிக்கினு இருக்கிறப்போ மஞ்சள் துணியை அவுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டேன். வரி இருந்தா விரல்ல மேடும் பள்ளமும் தட்டும், சுருண்டு போறது தெரியும். தட்டல. பித்தளைச் சொம்பு வாய் மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், அடி வரைக்கும் ஒரு கீறல் இல்ல.

நான் பாடமா படிச்ச விஷயம் இது. சிப்பாய்ங்க புரட்சிக்கப்புறம் வெள்ளைக்காரனுக்கு பயம். நம்ம ஊர் சிப்பாய் கையில தூரத்துக்குக் குறி தவறாம சுடற ரைபிளைக் கொடுக்கக்கூடாதுன்னு, அதே மூணு வளையம், அதே கிரீடம், அதே நீளத்துல, வரி மட்டும் இல்லாத துப்பாக்கியா செஞ்சு கப்பல்ல ஏத்தினான். சைட்டும் ஏணி கிடையாது, சின்னக் கட்டைதான். நான் பார்த்தது கட்டை விழுந்த தழும்பு. வெளியே ரைபிள் வேஷம், உள்ளே வெறும் குழாய். இந்த ரகத்தை உள்ளே பார்க்காம சொல்லவே கூடாதுன்னு எத்தனை பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கேன். துணியைத் திருப்பிக் கட்டினேன். தப்பு நடந்துடுச்சுன்னு சொல்ல வாயைத் திறந்தேன், ரைட்டர் போனை வெச்சாரு.

"நீங்க எழுதினா அதுக்கு மேல பேச்சு இல்ல ஆர்மரர் சார், மேல இருந்து அவசரப்படுத்தினாங்க, ரைபிள்னே அனுப்பிட்டேன். இனிமே கலெக்டர் ஆபீசுல விசாரணை வெச்சுப்பாங்க."

புள்ளலூர் சண்டைத் துப்பாக்கி

சொல்லாம வந்துட்டேன். நாளைக்கு சொல்லலாம்னு நெனச்சேன். நாளைக்குன்னா எத்தனை நாளைக்கு இருக்குது பாருங்க. ஒரு துப்பாக்கி தப்புன்னா மத்த முப்பதையும் மறுபடி பார்ப்பாங்க, நாலு ஸ்டேஷன்ல சிரிப்பாங்க, இதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கினது. உள்ளது இன்னான்னா, கௌரவம். விசாரணையில யாராவது விரலை விட்டுப் பார்க்க மாட்டாங்களா, அதுவா சரியாயிடாதான்னு ஒரு நப்பாசை.

அந்த வாரம் புள்ளலூர்ல இருந்து சபாபதின்னு ஒரு பெரிய விவசாயி கூப்பிட்டாரு. புது வூடு கட்டியிருக்காரு, ஹால்ல மாட்ட ஒரு துப்பாக்கி. குழல்ல ஓட்டை போட்டு சுடமுடியாம பண்ணி, அதுக்குக் காகிதமும் முறையா வெச்சிருந்தாரு. ஹைதர் அலி படை அந்த ஊர்ல வெள்ளைக்காரனை அடிச்சுதே, அந்தச் சண்டையில அவரு முப்பாட்டன் வெள்ளைக்காரன் கையில இருந்து பிடுங்கினதுன்னு ஒரு லெட்டர் எழுதித் தரணுமாம். கண்ணாடி போட்டு பக்கத்துல மாட்டணுமாம். சொந்தக்காரங்க எல்லாம் வந்து சுத்தி நிக்கறாங்க, காபி வேற வந்துடுச்சு.

எனக்கு எங்கிருந்து அவ்ளோ வீரம் வந்துச்சோ தெரியல. வேற ஒருத்தன் தப்பைச் சொல்றதுன்னா நாக்கு நல்லாத்தான் வேலை செய்யுது. இது பின்பக்கம் சின்னக் கதவு மாதிரி பக்கவாட்டுல திறந்து தோட்டா போடற ரகம், இந்தக் கதவைக் கண்டுபிடிக்கவே அந்தச் சண்டை முடிஞ்சு எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, சும்மா எழுதித் தர முடியாது, எழுதறதுக்கு ஒரு நேர்மை வேணும்னு பிரசங்கம் பண்ணேன். அந்த வார்த்தை என் வாயில இருந்து வந்தப்போ எனக்கே காது கூசிச்சு. சபாபதி கோவிச்சுக்கல. துப்பாக்கியை ஒரு தரம் தடவிப் பார்த்தாரு.

"எங்க முப்பாட்டன் சண்டைக்குக் கொஞ்சம் லேட்டா போயிருப்பாரு சார், எங்க வம்சமே அப்படித்தான்."

லேத்து கடையில ஏகாம்பரம்

ஆடி மாசம் ஏகாம்பரம் கடைக்கு வந்தாரு. ஷாஃப்டு கடைஞ்சுக்கினு இருந்தேன், அவரைப் பார்த்ததும் கை தவறி டூல் ஒடைஞ்சுது. ஒக்காருங்கன்னேன். அவரு நின்னுக்கினே பேசினாரு. விசாரணைக்கு நோட்டீஸ் வந்துடுச்சாம். துப்பாக்கியை மாத்தினதா ஆயிட்டா லைசென்ஸ் போறது இல்லாம கேஸும் வரும்னு யாரோ சொல்லியிருக்காங்க. கொல்லையில மல்லாட்டை மொளைச்சு நிக்குது, பன்னி கும்பலா வந்து வரிசையா கிளறிட்டுப் போவுது. தகரம் தட்டிப் பார்க்கறாராம், பன்னி தகரத்துக்குப் பழகிடுச்சாம்.

இதெல்லாம் கேட்டுக்கினு நான் ஒடைஞ்ச டூலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கினு இருந்தேன். அப்பால அவரு குரலைத் தணிச்சுக்கினாரு. அவருக்கு ஒரு தம்பி, தசரதன். கொல்லை பாதிப் பாதி, காவல் மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து. துப்பாக்கி ஒரு வருஷம் அண்ணன் வூட்டுல, ஒரு வருஷம் தம்பி வூட்டுல இருக்கும். போன வருஷம் தம்பி வூட்டுல இருந்துச்சு. பழைய துப்பாக்கி வாங்க பெங்களூர்ல இருந்து ஆளுங்க சுத்தறாங்கன்னு ஊர்ல ஒரு பேச்சு. தம்பி வேற புது பைக்கு எடுத்திருக்கான். ஏகாம்பரம் கூட்டிக் கழிச்சு ஒரு கணக்கு போட்டுட்டாரு. பரம்பரைத் துப்பாக்கியை வித்துட்டு, எதையோ ஒண்ணைக் கொண்டாந்து மூலையில வெச்சுட்டான்னு. ஊர் நடுவுல, தம்பி பொண்டாட்டி புள்ளைங்க எதிர்லயே கேட்டிருக்காரு.

சாதாவைக் கொடுத்துட்டு அதைவிட விலை கூடின ரைபிளைக் கொண்டாந்து வெக்கிற பைத்தியக்காரன் எவன் இருப்பான்? அந்தக் கணக்கே நிக்காது. சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லல. தம்பி அப்படி எல்லாம் செய்வாரான்னு இழுத்தேன். ஏகாம்பரம் துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கினாரு.

"நானும் நம்பல சார். ஆனா நீ பார்த்துட்டு எழுதிக்கீறே இல்ல, நீ இன்னா பொய்யா எழுதப் போறே?"

வூட்டுல

அன்னிக்கு சாப்பாட்டுல நாலு தடவை எழுந்தேன். ஒரு தடவை தண்ணி, ஒரு தடவை போன், ரெண்டு தடவை சும்மா. என் வூட்டுக்காரி செல்வி தட்டை இழுத்து வெச்சுட்டு இன்னா சமாச்சாரம்னு கேட்டா. சொல்லிட்டேன். முப்பது வருஷத்துல அவகிட்ட எதையும் மறைக்க முடிஞ்சதில்ல, மறைச்சாலும் கால் காட்டிக் கொடுத்துடும். பூராவும் கேட்டுட்டு, திட்டுவான்னு பார்த்தேன், திட்டல. மோர் ஊத்தினா.

"உள்ள பார்க்காத வுட்டது அவசரம், சரி. அதை வெளிய சொல்றதுக்கு மட்டும் உனுக்கு ஏன் அவசரமே வரல?"

தென்னேரி ஊதாங்குழல்

விசாரணைக்கு முந்தின வாரம், தென்னேரியில இருந்து ஒரு இரும்புக்குழாய் வந்துச்சு. எஸ்தர்னு ஒரு அம்மா, நடவு களையெடுப்புக்குப் போறவங்க. பக்கத்து வூட்டுக்காரங்களோட குழாயடிச் சண்டை. அவங்க ஸ்டேஷனுக்குப் போய், எஸ்தர் வூட்டுல துப்பாக்கி இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. போலீஸ் போய்ப் பார்த்தா, அடுப்பாண்ட இருக்கிற ஊதாங்குழல். முழங்கை நீளம், ரெண்டு பக்கமும் அறுத்தது. இருந்தாலும் குழல் மாதிரி இருக்குதேன்னு என்னைக் கூப்பிட்டாங்க.

இந்தத் தடவை மொத வேலையா விரலை விட்டேன். கரி அப்பிக்கிச்சு. அதுக்கு நடுவுல ஒண்ணு, ரெண்டு, மூணு, அருமையான மூணு வரி. அசல் சீமை ரைபிள் குழல். ஏரி மதகாண்ட மண்ணு எடுக்கிறப்போ அவங்க மாமியாருக்குக் கெடைச்சுதாம். கட்டை இல்ல, விசை இல்ல, ரெண்டு பக்கமும் திறந்த வெறும் குழாய். எஸ்தர் சுவரோட சுவரா நின்னாங்க. கூலிக்குப் போகாம இன்னியோட மூணு நாள், ஜெயில்ல போட்டுடுவாங்களான்னு ரைட்டர்கிட்ட கேட்டுக்கினே இருந்தாங்க.

நான் பேனாவை எடுத்தேன். உள்ளதைத்தான் எழுதணும். ஆனா "ரைபிள் குழல்"னு மொத வார்த்தை எழுதினா, மேல படிக்கிறவங்க அந்த வார்த்தையோடயே நின்னுடுவாங்க. பேனா நிக்குது, கால் ஆடுது. கடைசியில "சமையலுக்குப் பயன்பட்ட ஊதாங்குழல், பழைய குழல் துண்டுல அறுத்தது, இதை வெச்சி எந்தக் காலத்துலயும் சுட முடியாது"ன்னு எழுதி, ரைட்டருக்கு ரெண்டு தபா படிச்சுக் காட்டினேன். எஸ்தரை வூட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க. குழாயை மட்டும் வெச்சுக்கினாங்க. எஸ்தர் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, என் கையில இருந்த பேனாவையே பார்த்தாங்க.

"இரும்பு அதே இரும்புதான கீது அண்ணா, நீ வேற மாரி எழுதியிருந்தா என் புள்ளைங்க நெலமை இன்னாவாயிருக்கும்?"

விசாரணை

காஞ்சிபுரத்துல கலெக்டர் ஆபீசு. ரகம் எழுதினவன்னு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. ஏகாம்பரம் வெள்ளை வேட்டி கட்டிக்கினு, லைசென்ஸ் புத்தகத்தை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக்கினு ஒக்காந்திருந்தாரு. பக்கத்து நாற்காலி காலி. தம்பி வரல. விசாரிக்கிற அதிகாரி ஒரு அம்மா. மேசை மேல துப்பாக்கி, வாயில மஞ்சள் துணி அப்படியே இருந்துச்சு. அவுக்கச் சொன்னாங்க. அவுத்தேன். டார்ச் அடிச்சு அவங்களே உள்ளே பார்த்தாங்க. வழுவழுன்னு இருக்குதே, நீங்க ரைபிள்னு எழுதியிருக்கீங்களேன்னு கேட்டாங்க.

இத்தனை நாள் யோசிச்சு யோசிச்சு நான் ஒரு வழி வெச்சிருந்தேன். ஒப்படைச்சப்போ குழல் வாய் கட்டியிருந்துச்சும்மா, சாமி சம்பந்தப்பட்ட கட்டுன்னாங்க, அதனால உள்ளே பார்க்க முடியலன்னேன். பொய் இல்ல, உண்மையும் இல்ல. நான் முடிக்கிறதுக்குள்ள ஏகாம்பரம் எழுந்துட்டாரு. ஆமாம்மா, கட்டிக்கினு போனது நான்தான், சார் மேல தப்பில்ல, எல்லாம் எங்களாலதான்னு கும்பிட்டாரு. அந்தம்மா அதைக் குறிச்சுக்க பேனாவைத் திறந்தாங்க.

அங்க எனக்குத் தாங்கல. கன்னத்துல ரெண்டு அறை வாங்கியிருந்தாலும் தாங்கியிருப்பேன். இல்லம்மா, எழுதாதீங்கன்னேன். அவரு அன்னிக்கே அவுத்துப் பார்த்துக்கோன்னு சொன்னாரு. நான்தான் பார்க்கல. கடையில வேலை இருந்துச்சு, எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு திமிரு. தேர்தல் முடிஞ்ச பிறகு விரலை விட்டுப் பார்த்தேன், தப்புன்னு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும், வாயைத் திறக்கல. இது சிப்பாய்ங்களுக்குன்னு வரி இல்லாம செஞ்ச ரகம், லைசென்ஸ்ல இருக்கிறதுதான் சரி, ரிஜிஸ்டர்ல இருக்கிறது என் தப்பு. இதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்துப் போட்டப்போ மட்டும் கால் ஆடல.

லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொல்லிட்டாங்க, துப்பாக்கியையும் கொடுத்துட்டாங்க. இனிமே அடையாளம் சொல்ல என்னைக் கூப்பிட வேணாம்னு ஸ்டேஷனுக்கு எழுதிட்டாங்க. பின்னாடி மத்த முப்பதையும் திரும்ப வரவழைச்சு வேற ஆளை வெச்சுப் பார்த்தாங்க, முப்பதும் நான் சொன்னபடியே இருந்துச்சு, அதுல யாருக்கும் அக்கறை இல்ல. அன்னிக்கு ஆபீசை விட்டு வெளியே வந்தா, வேப்பமரத்தாண்ட ஏகாம்பரம் துப்பாக்கியைக் கையில வெச்சுக்கினு நின்னாரு. சட்டையைப் பிடிப்பாருன்னு நெனச்சேன். மன்னிச்சுக்கோங்கண்ணான்னு கையைப் பிடிக்கப் போனேன். அவரு கையைக் கொடுக்கல.

"அங்க சொன்னியே, அதே வார்த்தையை அதே மாரி என் தம்பியாண்ட வந்து சொல்லு சார். நான் போயி சொன்னா அவன் மூஞ்சைத் திருப்பிக்குவான்."

வரப்பு

அங்க இருந்தே மானாம்பதிக்குப் போனோம். அவரை என் வண்டி பின்னாடி ஒக்கார வெச்சுக்கினு, துப்பாக்கியை அவரு மடியில குறுக்கால வெச்சுக்கினு. வழியில செல்லியம்மன் கோயிலாண்ட நிறுத்தச் சொல்வாருன்னு பார்த்தேன். நிறுத்தச் சொல்லல. நேரா கொல்லைக்குப் போன்னாரு.

தசரதன் அவரு பாதியில பழைய புடவைங்களைக் கிழிச்சு குச்சியில கட்டிக்கினு இருந்தாரு. புடவை காத்துல ஆடினா பன்னி கொஞ்சம் பயப்படும். அண்ணன் பாதியில புடவை இல்ல, நடுவுல வரப்போட நின்னுடுச்சு. பன்னிக்கு வரப்பு தெரியுமா, ரெண்டு பக்கமும் கிளறி வெச்சிருந்துச்சு. பிஞ்சு மல்லாட்டை வேரோட காஞ்சு கெடந்துச்சு. ஏகாம்பரம் வரப்புலயே நின்னுட்டாரு. நான் மட்டும் உள்ளே போனேன்.

ஆபீசுல சொன்னதை அப்படியே சொன்னேன். துப்பாக்கி மாறல, நீங்க ஒண்ணும் பண்ணல, நான் உள்ளே பார்க்காம எழுதினது, தெரிஞ்சும் சும்மா இருந்தது. தசரதன் முடிச்சு போட்டுக்கினே கேட்டாரு. திட்டுங்கன்னேன். திட்டல. கையில இருந்த புடவையைப் பூரா கட்டி முடிச்சு, இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் நிமிர்ந்தாரு. என்னைத் தாண்டி வரப்பைப் பார்த்தாரு. அங்க அண்ணன் துப்பாக்கியோட நின்னுக்கினு, பக்கத்துல வரலாமா வேணாமான்னு ஒரு காலை உள்ளே வெச்சு எடுத்துக்கினு இருந்தாரு.

"நீ ஒருக்கா தப்பா எழுதிட்டே, போவுது வுடு சார். நாப்பது வருஷமா ஒரே கொல்லையில கூடவே காவல் காத்தவரு, அதைக் கேட்ட ஒடனே நம்பிட்டாரே."

ஆக, இப்ப எந்த ஸ்டேஷன்ல இருந்தும் எனக்கு போன் வர்றதில்ல, வாரத்துக்கு ஒரு தபா ஏகாம்பரம்தான் போன் பண்றாரு: தம்பி இன்னும் பேசலையாம், தப்பு தன்னோடதுன்னு தம்பிக்கு ஒரு காகிதத்துல இவரு எழுதிக் கையெழுத்துப் போட்டா, சரி பார்த்து பக்கத்துல நானும் ஒரு கையெழுத்துப் போடணுமாம்.